சிப்ஸ் என்று சொல்லாதவன்

ஒருவன் உங்கள் வீட்டுக்கு வருகிறான். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் வைத்த தட்டிலிருந்து எடுத்து மொறுமொறுவென்று தின்கிறான். ஒரு மணி நேரமாகியும் தின்னும் பொருளின் பெயரை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் இதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள். நான் கவனித்தேன். கவனித்ததால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

வரித்துறையில் பொருள்களை வகைப்படுத்தும் பிரிவில் இது நடந்தபோது எனக்கு முப்பத்தோராவது வருடம். ஒரு களிம்பு மருந்தா, முகப்பூச்சா? குழந்தை ஏறி ஆடும் மரக்குதிரை விளையாட்டுச் சாமானா, மரச்சாமானா? எது எந்த வகையில் விழுகிறது என்று சொல்வது என் வேலை. வகைக்குத் தகுந்த வரி. விற்கிறவர்கள் எல்லாரும் குறைந்த வரி உள்ள வகைக்குள் எப்படியாவது நுழையப் பார்ப்பார்கள். நான் வாசலில் நிற்பேன். அலுவலகத்தில் எனக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுவிட்டேன்.

போன வருடம் ஒரு நொறுக்குத்தீனிக் கம்பெனியின் கோப்பு என் மேசைக்கு வந்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள்: நீளமான அட்டைக் குழல், அதற்குள் ஒரே அளவில், ஒரே வளைவில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மெல்லிய வில்லைகள். சட்ட அட்டவணையில் ஒரு வாசகம் இருக்கிறது. ‘உருளைக்கிழங்கு சிப்ஸும் அதுபோன்றவையும்: நூற்றுக்குப் பதினெட்டு.’ அதற்கு இரண்டு வரி தள்ளி இன்னொன்று. ‘மாவு பிசைந்து செய்த பண்டங்கள்: நூற்றுக்கு ஐந்து.’ கம்பெனி சொன்னது என்னவென்றால், சிப்ஸ் என்றால் கிழங்கைச் சீவிப் பொரித்தது. நாங்கள் சீவவே இல்லை. காய்ந்த கிழங்குத் தூளோடு அரிசி மாவும் சோள மாவும் சேர்த்துப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, வில்லையாக வெட்டி அச்சில் வைத்துப் பொரிக்கிறோம். கிழங்கு நூற்றுக்கு நாற்பத்தொரு பங்குதான். ஆகவே இது மாவுப் பண்டம். இதை நாற்பத்திரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார் அவர்களுடைய வக்கீல்.

மாதிரிக்கென்று பன்னிரண்டு குழல் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை எண்ணினால் ஒன்பதுதான் இருந்தது. பக்கத்து மேசைக்காரர் சட்டையெல்லாம் உப்புத் தூள்.

“ஆராய்ச்சி சார்,” என்றார் கூச்சமே இல்லாமல். “ஒண்ணு எடுத்தா நிறுத்த முடியல. அதையும் கோப்புல எழுதிக்கோங்க.”

நானும் ஒன்றை வாயில் போட்டேன். முதலில் உப்பு, பிறகு அந்தச் சத்தம், பிறகு கிழங்கு வாசனை. பொய் சொல்வானேன், நானும் ஏழெட்டு தின்றேன். வாய் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாய் சொன்னதைக் கோப்பில் போட முடியாது என்பதுதான் சிக்கல்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருள் என்ன வகை என்று குழப்பம் வந்தால், அதோடு புழங்கும் சாதாரண மனிதர்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று பார்ப்போம். இருபத்தேழு கடை ஏறி இறங்கினேன். வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் “ஒரு சிப்ஸ் குடுங்க” என்றுதான் கேட்டார்கள். வக்கீல் அசரவில்லை. ‘வாங்குகிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. செய்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் ஒருவர்கூட இதைச் சிப்ஸ் என்று சொல்வதில்லை’ என்று பதில் வந்தது.

ஏன் சொல்வதில்லை என்பது தொழிற்சாலைக்குச் சோதனைக்குப் போன அன்று தெரிந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை. ‘நமது பண்டத்தை எவரும் எங்கும் சிப்ஸ் என்று குறிப்பிடக் கூடாது. மீறினால் நடவடிக்கை.’ எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பெயரைச் சொல்லக் கூடாது என்று ஒருவன் தடை போட்டால், அதுதான் பெயர் என்று அர்த்தம். அந்தக் கம்பெனி ஆள் ஒருவன் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்தால் போதும், வக்கீலின் நாற்பத்திரண்டு பக்கமும் காற்றில் பறந்துவிடும்.

அந்த வாரம்தான், சாப்பிடும்போது, என் மகள் பேச்சை எடுத்தாள். எங்களுக்கு ஒரே பெண். எடை இயந்திரங்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ச் சோதிக்கிற வேலை.

“அப்பா, ஒருத்தர் உங்களைப் பார்க்கணும்னு சொல்றார்.”

“எந்தக் கம்பெனி?”

“கம்பெனி இல்லப்பா. என்னைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு சொல்றவர்.”

“அதான் கேக்கறேன், எந்தக் கம்பெனி?”

சொன்னாள். அதே கம்பெனி. மாவு பிசையும் கூடத்துக்கு அவன்தான் மேற்பார்வையாளனாம். அங்கே எடை பார்க்கப் போனபோது பழக்கமாம். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா.”

கோப்பு என் மேசைக்கு வந்து நாலு மாதம்தான். வேறு யாராக இருந்தாலும் அதோடு நிம்மதியாகியிருப்பார்கள். நானோ, அந்தக் கம்பெனி குழல் போட ஆரம்பித்ததும் இரண்டு வருடத்துக்கு முன்புதானே என்று கணக்குப் போட்டேன். வழக்கு எந்த அதிகாரியிடம் வரும் என்று அன்றைக்கே பார்த்து வைத்து, என் வீட்டுக்குள் ஆளை இறக்கிவிட்டார்கள்! என் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்களுக்கு முத்திப்போச்சு,” என்றாள். “நம்ம பொண்ணு அழகா இருக்கா, நல்லா பேசுவா. அதுக்காக ஒருத்தன் வரக் கூடாதா? வரி விஷயமாத்தான் வரணுமா?”

மகள் மட்டும் பொறுமையாகச் சொன்னாள். “நீங்க வேண்டாம்னு சொன்னா எனக்கு ரொம்பக் கஷ்டம்பா. நீங்க சரின்னு சொல்லி, கூட நின்னு நடக்கணும். அதான் என் ஆசை. ஆனா அவரைப் பார்த்துட்டுச் சொல்லுங்க. பாக்காம சொல்லாதீங்க.”

அப்போது நான் செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு பக்கப் படிவம். ‘இந்தக் கோப்பில் சம்பந்தப்பட்ட ஒருவரோடு என் குடும்பத்துக்குத் தொடர்பு இருக்கிறது’ என்று எழுதி மேலதிகாரி அம்மாவிடம் கொடுத்தால், கோப்பு வேறு மேசைக்குப் போய்விடும். படிவத்தை எடுத்தேன், பேனாவையும் எடுத்தேன். எழுத மனசு வரவில்லை. வலை விரித்தவனை அதே வலையில் பிடிக்கும் வாய்ப்பை யார் விடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னேன்.

மேசையை நானே தயார் செய்தேன். என் மனைவிக்கே ஆச்சரியம், கல்யாணமான நாளாக நான் தட்டு எடுத்து வைத்ததில்லை. ஒரு தட்டில் பிஸ்கட், ஒரு தட்டில் ஆரஞ்சுச் சுளை, நடுவில் அந்த வில்லைகள். குழலைத் தூக்கி மறைத்துவிட்டேன். பெயர் எழுதிய எதுவும் கண்ணில் படக் கூடாது. அவன் வாயிலிருந்து தானாக வர வேண்டும்.

சரியாக நாலு மணிக்கு வந்தான். கை நிறைய ஏதாவது தூக்கிக்கொண்டு வருவான், திருப்பி அனுப்பலாம் என்றிருந்தேன். வெறுங்கையோடு வந்தான். உஷாரான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். மாவுக்கூடத்து ஆளுக்குரிய சுத்தம், நகம் ஒட்ட வெட்டியிருந்தது. என் மனைவியை “அம்மா” என்றான், என்னை “சார்” என்றான்.

“எடுத்துக்கங்க,” என்று நடுத்தட்டைக் காட்டினேன். “இதைப் பார்த்தா உங்களுக்கு ஆபீஸ் ஞாபகம் வருமே.”

சிரித்தான். “ஓடு!” என்று ஒன்றை எடுத்தான். “நல்லா வந்திருக்கு. இது நம்ம ரெண்டாம் லைன் ஓடுதான் சார், ஓரம் பார்த்தாலே தெரியும்.”

“ஓடா?”

“கூரை ஓடு மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருக்கும்ல. நாங்க அப்படித்தான் சொல்வோம்.”

எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்! நானும் சும்மா இருப்பேனா? வாயைப் பிடுங்கினேன். சின்ன வயதில் என்ன தின்பீர்கள் என்று கேட்டேன், கிடைத்ததையெல்லாம் என்றான். சினிமா பார்க்கப் போனால் என்ன வாங்குவீர்கள் என்றேன். உங்கள் மகள் எனக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை என்றான். மகள் கலகலவென்று சிரித்தாள். எந்தப் பக்கம் போனாலும் பிடி கொடுக்கவில்லை. நடுவில் அவன் என்னென்னவோ சொன்னான். மகளைப் பற்றி, அவள் மேலே படிக்க நினைப்பதைப் பற்றி, எங்கே வீடு பார்ப்பது என்பதைப் பற்றி. நான் தலையை ஆட்டிக்கொண்டே அந்த ஒரு சொல் வருகிறதா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். என் வேலை சம்பந்தமா.”

வந்துவிட்டது! கோப்பைப் பற்றிப் பேசப்போகிறான், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்பான். நான் கையைத் தூக்கினேன்.

“வேலைப் பேச்சு இந்த வீட்டுக்குள்ள வேண்டாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.”

அவன் முகம் சுருங்கியது. மகள் “அப்பா, அவர் சொல்ல வர்றது...” என்று ஆரம்பித்தாள். “வேண்டாம்னா வேண்டாம்,” என்றேன். பேச்சை மாற்றத்தானோ என்னவோ, என் மனைவி சொன்னாள்:

“அந்தச் சிப்ஸ் தட்டைக் கொஞ்சம் இப்படித் தள்ளுப்பா.”

அவன் தள்ளினான். எதை என்று கேட்கவில்லை, யோசிக்கவில்லை. மூன்று தட்டில் நடுத்தட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். உள்ளுக்குள் என் மனசு ஒரு குதி குதித்தது. வாய் சொல்லாததைக் கை சொல்லிவிட்டது!

அவன் போன பிறகு மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “யோசிக்கணும்மா,” என்றேன். நேராக அறைக்குப் போய் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பதினான்காவது குறிப்பு: ‘தயாரிப்பு நிறுவனத்தின் மாவுப்பிரிவு மேற்பார்வையாளர், வேறு இரு பண்டங்களும் இருந்த மேசையில், அதிகாரியின் மனைவி “சிப்ஸ் தட்டு” என்று குறிப்பிட்டுக் கேட்டவுடன், எவ்விதத் தயக்கமும் இன்றி மேற்படிப் பண்டத்தை எடுத்துக் கொடுத்தார். ஆகவே செய்கிறவர்களும் இதைச் சிப்ஸ் என்றே அறிவர்.’ எழுதி முடித்து இரண்டு தடவை படித்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல குறிப்பு எழுதியதில்லை என்று தோன்றியது.

இரண்டு மாதம் மகள் கேட்கும்போதெல்லாம் “யோசிக்கறேன்” என்று மென்று விழுங்கினேன். வழக்கு முடியட்டும், அவன் சாயம் வெளுக்கட்டும், பிறகு அவளே புரிந்துகொள்வாள் என்று இருந்தேன்.

விசாரணை அன்று மேலதிகாரி அம்மா நடுவில், வக்கீல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பக்கத்து மேசைக்காரர் குறிப்பெடுக்க வந்திருந்தார். எங்கள் அறிக்கையின் நகல் கம்பெனிக்குப் போக வேண்டும் என்பது விதி. வக்கீல் அதில் பதினான்காம் குறிப்பை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

மேலதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “இது எங்க நடந்தது?”

“ஒரு தனியார் இடத்துல மேடம்.”

“எந்த இடம்?”

“என் வீடு, மேடம்.”

“கம்பெனி ஆள் உங்க வீட்டுல என்ன பண்ணிட்டிருந்தார்?”

“என் பொண்ணைக் கேட்டு வந்திருந்தார்.”

பக்கத்து மேசைக்காரர் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார். மேலதிகாரி அம்மா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “குறிப்பைப் பார்த்துட்டு அவரையும் கூப்பிட்டிருக்கேன். வெளியதான் இருக்கார்,” என்றார்.

மாவுக்காரன் உள்ளே வந்து எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொன்னான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

“கம்பெனியில எந்தப் பிரிவு?” என்று மேடம் கேட்டார்.

“இப்ப அங்க இல்லை மேடம். வேலையை விட்டுட்டேன்.”

“எப்போ?”

“சார் வீட்டுக்குப் போறதுக்கு நாலு நாள் முன்னாடி.” ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தான். தேதி, முத்திரை எல்லாம் இருந்தது. “கோப்பு சார் கையில இருக்குன்னு தெரிய வந்துச்சு. அங்க சம்பளம் வாங்கிக்கிட்டு இங்க வந்து பொண்ணு கேக்கறது நல்லா இல்லைன்னு தோணுச்சு. அவருக்கும் கெட்ட பேர் வரும். அதை அன்னிக்கே சொல்லத்தான் போனேன்.”

நான் எழுதாமல் வைத்த ஒரு பக்கப் படிவத்தை அவன் தன் பிழைப்பைக் கொடுத்து எழுதியிருக்கிறான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ‘அவன்’ என்று சொல்லவும் இனி எனக்கு வாய் வராது.

“தட்டை ஏன் தள்ளினீங்க?” மேடம் கேட்டார்.

“அம்மா கேட்டாங்க மேடம். மேசையில இருந்தது பிஸ்கட், ஆரஞ்சு, இது. சிப்ஸ்னு கேட்டவங்களுக்கு ஆரஞ்சையா குடுக்க முடியும்?”

இந்த முறை வக்கீலே சிரித்துவிட்டார். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, சாதாரணமாக, பஸ் எப்போது வரும் என்று விசாரிப்பதுபோல் கேட்டார்:

“சரி, நீங்க அதை என்னன்னு சொல்வீங்க?”

“வேலையில ஓடு. முதல் நாள்லேர்ந்து அப்படித்தான். சுற்றறிக்கை எல்லாம் அப்புறம் வந்தது. வீட்டுல, கடையில எல்லாம் சிப்ஸ்தான் மேடம். அங்க வேலை பாக்கறவங்க எல்லாருமே அப்படித்தான். வேற என்னன்னு சொல்றது?”

வக்கீலின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“இதை இதுக்கு முன்னாடி யாராவது உங்ககிட்ட கேட்டாங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “இல்லை மேடம். சார் நேரா கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

துறை ஜெயித்தது. நூற்றுக்குப் பதினெட்டு. அவர் சொன்னதை வைத்துத்தான் ஜெயித்தது. பதினான்காம் குறிப்பை மேடம் சிவப்பு மையால் அடித்தார். படிவம் கொடுக்காததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. கோப்பு என் மேசையிலிருந்து போனது. கொஞ்ச நாளில் நானும் அந்தப் பிரிவிலிருந்து போனேன். அதெல்லாம் பெரிய விஷயமில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அவருக்கு அழைப்போடு அனுப்பிய அறிக்கையின் நகல், மகள் வழியாக வந்து, சாப்பாட்டு மேசையில் கிடந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்தே கத்தினாள். “நான் வாயைத் திறந்து ஒரு தட்டு கேட்டதைக்கூட எழுதிட்டீங்களா? இத்தனை வருஷமா இன்னும் என்னென்ன எழுதி வச்சிருக்கீங்க?”

மகள் கத்தவில்லை. நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு மாசம் வேலை இல்லாம அலைஞ்சார்பா. போன வாரம்தான் ஒண்ணு கிடைச்சுது.”

“நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

வேறு யாராவது கேட்டிருந்தால் ‘ஏன் நம்ப மாட்டேன்’ என்று சண்டைக்குப் போயிருப்பேன். யோசித்துப் பார்த்தேன். ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டியிருந்தாலும், அதுவும் கம்பெனி போட்ட நாடகம் என்றுதான் சொல்லியிருப்பேன். முத்திரை அசலா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

“அடுத்த மாசம் பதிவு பண்ணிக்கறோம்,” என்றாள்.

“சந்தோஷம்மா. நல்ல பையன்.” என் குரல் எனக்கே நன்றாகக் கேட்கவில்லை. அதற்கு மேல் சுற்றி வளைக்கத் தெரியவில்லை, நேராகக் கேட்டேன். “என்னைக் கூப்பிடுவியா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

“தெரியலப்பா,” என்றாள். “நிஜமாவே தெரியல.”

அவள் சொன்னதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை.